மாலை போட்டவனுக்கு பயம் வரலாமா?

 

"யாமிருக்க பயமேன்" என்ற வாக்கியம் இல்லாத முருகன் படம் நம்ம வீடுகளில் குறைவு. காலண்டரில் இருக்கும், ஆட்டோவின் பின்பக்கம் இருக்கும், நம்மில் பாதிப் பேரின் மொபைல் வால்பேப்பரிலும் இருக்கும். சின்ன வயசிலிருந்து பார்த்துக்கிட்டே இருக்கோம். ஆனா அதை எந்தக் குரலில் படிக்கணும்னு யாரும் சொல்லித் தந்ததில்லை. ரெண்டு குரலில் படிக்கலாம். "நான் இருக்கும்போது நீ எப்படி பயப்படலாம்? என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று அதட்டுகிற குரல் ஒண்ணு. அழுகிற பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கிட்டு "நான்தான் இருக்கேன்ல, ஏன் சாமி பயப்படுற" என்று அம்மா சொல்வாளே, அந்தக் குரல் இன்னொண்ணு. சொல் ஒண்ணுதான், கேட்கிறவனுக்கு மட்டும் ரெண்டும் வேற வேற.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்கலாம். தைப்பூசத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் ஏறினேன். அங்கே படிக்கட்டில் ஒரு தம்பி சொன்ன ஒரே ஒரு வார்த்தை அந்த வித்தியாசத்தை எனக்குப் புரியவெச்சுது.

முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மாமல்லபுரம் போறவங்க கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைக் கல் பார்த்துட்டு பஸ் ஏறிடுவாங்க. ஊருக்கு நடுவில் இருக்கிற பாறைக் குன்றின் மேல், மகிஷாசுரமர்த்தினி குகைக்கு உச்சியில், ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் என்று பல்லவர் காலத்துச் சிவன் கோயில் ஒண்ணு இருக்கு. கப்பல்களுக்கு வழிகாட்ட அந்தப் பாறை மேல் அந்தக் காலத்திலேயே தீ மூட்டினாங்க என்று சொல்வாங்க. 1887-இல் அந்தக் கோயிலையே மேடையாக வைத்து விளக்கு ஏற்றியிருக்காங்க. அப்புறம் பக்கத்திலேயே கல்லால் வட்டமாக ஒரு கோபுரம் கட்டி, 1904-இல் விளக்கு அங்கே மாறியது. கோபுரத்தின் உயரம் 26 மீட்டர். 2001 முதல் பத்து வருஷம் பாதுகாப்புக் காரணமாகப் பொதுமக்களை உள்ளே விடாமல் இருந்தாங்க. 2011-இல் திரும்பத் திறந்தாங்க. சிவன் கோயில் உச்சியில் கப்பலுக்கு விளக்கு என்பது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். தகப்பன்சாமியோட தகப்பனார் வீட்டு மாடி எத்தனையோ பேரைக் கரை சேர்த்திருக்கு.

26 மீட்டர் என்றால் எட்டு மாடி. பல பேருக்கு அது ஒரு உயரமே இல்லை. எனக்கு மூணாவது மாடி பால்கனியில் துணி காயப்போடவே ஒரு கை கம்பியில் இருக்கணும். பழனியில் ரோப் கார் வந்து இருபது வருஷம் ஆச்சு, இன்னும் நான் அதில் கால் வைக்கலை. யானைப் பாதையில் நடந்துதான் போவேன். அந்த ஆண்டவன் மலை உச்சியில் போய் உட்கார்ந்தது எனக்காகவே செய்த விளையாட்டு என்று நினைச்சுக்குவேன்.

அப்படி இருக்கிறவன் ஏன் ஏறினேன்னா, அக்கா பொண்ணு. எட்டு வயசு. ஏறியே ஆகணும்னு நின்னா. அக்காவுக்கு முட்டி வலி. பிள்ளையைத் தனியா அனுப்ப முடியாது. "நீ வேணாம்னா விடுடா, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து சமாதானம் பண்ணிடலாம்" என்று அக்கா சொன்னாள். பாப்பா முகத்தைப் பார்த்தேன், டிக்கெட் வாங்கிட்டேன்.

உள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற குறுகலான படி. ஏறுறவங்களும் இறங்குறவங்களும் ஒரே வழி. பாதி உயரத்தில் வரிசை நின்னுடுச்சு. எங்களுக்கு முன்னாடி காலேஜ் பசங்க அஞ்சாறு பேர். அதில் ஒரு தம்பி பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, நெத்தி நிறைய விபூதி. பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டிருக்கான்னு பார்த்தாலே தெரிஞ்சுது. அவன்தான் நின்னுட்டான். சுவரில் முதுகை ஒட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு. கூட வந்தவன் ஒருத்தன் மேலிருந்து கத்துறான்: "மச்சி, மாலை போட்டிருக்க, முருகன் இருக்கும்போது உனக்கு என்னடா பயம்? கவசமெல்லாம் சும்மாவா?" எல்லாரும் சிரிச்சாங்க. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, நண்பர்கள் பேசிக்கிறதுதான். ஆனா அந்தத் தம்பி முகம் சுருங்கிப்போச்சு. "தம்பி, இறங்கணும்னா இறங்கிக்கோ, நான் ஒதுங்கிக்கிறேன்" என்றேன். என்னைத் தாண்டிக் கீழே போகும்போது "சாரிண்ணா" என்றான்.

எதுக்கு சாரி? வழியை மறிச்சதுக்கு என்றால் பரவாயில்லை. அவன் குரலைக் கேட்டா அப்படித் தெரியலை. பயந்ததுக்கு மன்னிப்புக் கேட்ட மாதிரி இருந்துச்சு, அதுவும் என்கிட்ட இல்லை, கழுத்தில் கிடந்த மாலைகிட்ட. அதட்டுகிற குரலில் அந்த வாக்கியத்தைப் படிச்சா நடக்கிறது இதுதான். பயம் ஒரு உணர்ச்சியாக இல்லாம பாவமாக ஆயிடுது. பயப்படுறவன் உயரத்துக்கும் பயப்படணும், பயப்படுறதுக்கும் வெட்கப்படணும். ஒரு பாரம் ரெண்டாகுது.

நம்ம பக்தி மரபு இப்படித்தான் சொல்லுதா? யோசிச்சுப் பாருங்க. முருகன் அவதாரமே தேவர்களோட பயத்தில்தான் தொடங்குது. சூரபத்மனுக்குப் பயந்து அவங்க சிவபெருமான்கிட்ட ஓடலைன்னா நெற்றிக்கண் பொறியும் இல்லை, சரவணப் பொய்கையும் இல்லை. "தேவர்களாகிய நீங்கள் பயப்படலாமா" என்று யாரும் அவங்களைத் திருப்பி அனுப்பலை. நக்கீரர் கதையும் அதேதான். திருப்பரங்குன்றத்துக் குகையில் பூதம் அவரை அடைச்சு வெச்சதாகவும், அங்கிருந்துதான் திருமுருகாற்றுப்படை பாடினதாகவும், வேல் வந்து குகையைப் பிளந்ததாகவும் நம்ம முன்னோர் சொல்லி வந்திருக்காங்க. சங்கப் புலவர், தமிழில் தப்பு என்றால் இறைவனையே எதிர்த்தவர், பூதத்தின் பிடியில் கூப்பிட்டார். கூப்பிட்டதுக்குப் பெயர் பயமா, பக்தியா? ரெண்டையும் பிரிக்க முடியுமா என்று எனக்குத் தெரியலை.

கவசத்தையே எடுத்துக்குங்க. தேவராய சுவாமிகள் அருளிய கந்த சஷ்டி கவசத்தைத் தினம் படிக்கிறவங்களுக்குத் தெரியும். தலை, கண், காது, கழுத்து என்று உடம்பில் ஒவ்வொரு இடமா வேலைக் காவலுக்குக் கூப்பிடுறோம். பேய், புலி, பாம்பு, தேள் என்று பயமுறுத்துற ஒவ்வொண்ணையும் பெயர் சொல்லி விரட்டச் சொல்றோம். பயமே இல்லாதவனுக்குக் கவசம் எதுக்கு? போருக்குப் போகாதவன் கவசம் வாங்குறதில்லை. தன் பயங்களை ஒண்ணு விடாம வரிசையா எடுத்து வெச்சுட்டுக் கும்பிடுற நூலை மனப்பாடமாச் சொல்லிட்டு, பயந்தவனைப் பார்த்து "கவசம் சும்மாவா" என்று கேட்கிறது எனக்கு விநோதமா இருக்கு.

இனி உடம்பு பக்கம் வருவோம். உயரத்தில் கால் நடுங்குறதை மனசோட கோழைத்தனம் என்று நினைக்கிறோம். நாம நிற்கும்போது அசையாம நிற்கிறதா தோணினாலும், உடம்பு எப்பவும் லேசா முன்னும் பின்னும் ஆடிக்கிட்டேதான் இருக்கு. கண், உள்காது, பாதம் மூணும் சேர்ந்து அந்த ஆட்டத்தைச் சரி பண்ணிக்கிட்டே இருக்கு. கண் இதைச் செய்றது பக்கத்தில் இருக்கிற சுவர், மரம், நாற்காலியை அளவாக வெச்சுத்தான். உயரமான இடத்தில் பக்கத்துப் பொருள் இல்லை, எல்லாம் தூரத்தில் இருக்கு. கண்ணுக்கு அளவுகோல் தொலைஞ்சுபோகுது, ஆட்டம் கூடுது, கால் இளகின மாதிரி இருக்கு. இதில் பக்தி கூடுறதுக்கும் குறையறதுக்கும் எந்த வேலையும் இல்லை. விரதம் இருந்தவனுக்கும் இதே உள்காதுதான்.

அமெரிக்காவில் எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற ரெண்டு உளவியல் அறிஞர்கள் 1960-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு. ஒரு மேசையில் பாதியில் கண்ணாடிக்கு அடியிலேயே கட்டம் போட்ட துணி, மறுபாதியில் கண்ணாடிக்குக் கீழே ஆழமான பள்ளம். கண்ணாடி முழுக்க உறுதியானது, விழ வழியே இல்லை. தவழுகிற குழந்தைகளை நடுவில் விட்டு, அம்மா அந்தப் பக்கம் நின்னு கூப்பிடணும். நகர்ந்த 27 குழந்தைகளும் மேடான பக்கம் தவழ்ந்தாங்க. பள்ளத்துப் பக்கம் போனது 3 பேர்தான். பேசத் தெரியாத பிள்ளைக்கே பள்ளம் பள்ளம்னு தெரியுது.

இதோட தொடர்ச்சியா 1985-இல் வந்த இன்னொரு ஆய்வுதான் என்னை உலுக்குச்சு. இந்தத் தடவை பள்ளத்தைக் கொஞ்சமா, போகலாமா வேணாமான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு வெச்சாங்க. ஒரு வயசுக் குழந்தைகள். அந்தப் பக்கம் நிற்கிற அம்மா வாயைத் திறக்கக் கூடாது, முகத்தை மட்டும் காட்டணும். அம்மா சிரிச்ச முகமா நின்னப்போ 19 பிள்ளைகளில் 14 பேர் தாண்டி வந்தாங்க. அம்மா பயந்த முகம் காட்டினப்போ 17 பேரில் ஒருத்தர்கூட வரலை. வந்த 14 பேரும் பள்ளத்தைப் பார்க்காதவங்க இல்லை. விளிம்புக்கு வந்து, கீழே பார்த்து, நின்னு, நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தவங்க. படிச்ச உடனே எனக்கு சந்நிதிதான் ஞாபகம் வந்துச்சு. வேற எதுக்கு நாம கூட்டத்தில் எக்கி எக்கி அவன் முகத்தைப் பார்க்கிறோம்?

இதில் ஒரு விஷயத்தை விட்டுடக் கூடாது. கீழே கண்ணாடி நிஜமாகவே இருந்தது. எந்த அம்மாவும் கண்ணாடி இல்லாத பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிக்க மாட்டா. "முருகன் பார்த்துப்பான்" என்று ஹெல்மெட் இல்லாம பைக்கை முறுக்குற தம்பிகளுக்கும், மலைக்கோயில் பாதையில் தடுப்பைத் தாண்டிப் பாறை நுனியில் நின்னு ரீல்ஸ் எடுக்கிறவங்களுக்கும் இதைச் சொல்லணும். அங்கே வர்ற பயத்தை முருகன் போக்க வேண்டியதில்லை. அந்தப் பயத்தை அனுப்பினதே அவனா இருக்கலாம்.

அருணகிரிநாதர் கோபுரத்திலிருந்து விழுந்தப்போ முருகன் தாங்கலையா என்று கேட்பீங்க. தாங்கினான் என்றுதான் நம்புறோம். திருவண்ணாமலையில் வல்லாள மகாராஜா கோபுரத்தைக் காட்டிச் சொல்வாங்க. ஆனா அவர் தைரியத்தைக் காட்டவோ சாமியைச் சோதிக்கவோ ஏறினதா எந்தக் கதையும் இல்லை. வாழ்க்கை வெறுத்துப்போய் ஏறினவர். "போதும், இங்கே வா" என்று பிடிச்சு நிறுத்தி, வாழவெச்சு, பாடவெச்சான் என்பதுதான் அந்தக் கதையோட உயிர். அப்படி வெறுத்துப்போன நிலையில் இதை யாராவது படிச்சுக்கிட்டிருந்தா, இப்பவே வீட்டிலோ நண்பர்களிலோ ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்து பேசுங்க. தாங்குற கை பெரும்பாலும் மனுஷக் கையாத்தான் வரும்.

சரி, படிக்கட்டுக்கு வர்றேன். கல்படி முடிஞ்ச இடத்தில் செங்குத்தா ஒரு இரும்பு ஏணி. அதில் ஏறி, குனிஞ்சு சின்ன வாசலில் நுழைஞ்சாத்தான் வெளி மாடம். அதுவரைக்கும் துள்ளிக்கிட்டு வந்த பாப்பா ஏணியைப் பார்த்ததும் நின்னுட்டா. என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா.

"மாமா, உங்களுக்கு பயமா இல்லையா?"

இந்தக் கேள்விக்குப் பெரியவங்க வழக்கமா சொல்ற பதில் "சேச்சே, எனக்கென்ன பயம்" என்பதுதான். பிள்ளைக்குத் தைரியம் வரும்னு சொல்றது. நாலு படி கீழே ஒரு தம்பி சாரி சொல்லிட்டு இறங்கிப் போனதைப் பார்த்துட்டு எனக்கு அது வாயில் வரலை. எனக்குப் பயமில்லைன்னு சொன்னா, அவளுக்கு வந்த பயம் அவளோட குறை என்று ஆயிடும்.

"இருக்கு கண்ணு. கை பாரு, வேர்த்திருக்கு."

என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தா. "அய்ய, ஈரம்!" என்று சிரிச்சா.

"ஏணியை ஆட்டிப் பாரு. ஆடுதா?"

"இல்ல."

"நீ முன்னாடி ஏறு. நான் ரெண்டு கையும் நீட்டிக்கிட்டுப் பின்னாடியே வர்றேன்."

ஏறினா. நானும் ஏறினேன். என் கண்ணு ஏணியிலேயே இல்லை, அவளோட கால் எந்தக் கம்பியில் இருக்குங்கிறதிலேயே இருந்துச்சு. மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான், நான் ஏறினதே எனக்கு உறைச்சுது. பயம் போகலை, சத்தியமா. அதுபாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துச்சு. எனக்குத்தான் அதைக் கவனிக்க நேரமில்லை.

மாடத்தில் காற்று ஆளைத் தள்ளுது. கிழக்கே கடல், கடற்கரைக் கோயில் உள்ளங்கையில் எடுத்து வெச்சுக்கலாம் போல. கீழே பாறை மேல் பழைய ஒலக்கண்ணேஸ்வரர் கோயில். நான் சுவரோட ஒட்டித்தான் நின்னேன். பாப்பா கம்பிகிட்ட போய் "மாமா, கடல் எங்க முடியுது?" என்று கேட்டா. கணக்கு தெரியும், ஆனா அப்போ வாய் வரலை. தரையில் நிற்கிறவன் கண்ணுக்குக் கடல் அஞ்சு கிலோமீட்டருக்குள் முடிஞ்சுடும். 30 மீட்டர் உயரத்தில் நின்னா ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரை தெரியும். பூமி உருண்டையா இருக்கிறதால் அப்படி. விளக்கை இவ்வளவு உயரத்தில் தூக்கி வெச்சது அதுக்காகத்தான், தூரத்தில் தெரியாத ஒரு மாலுமி கண்ணுக்குச் சீக்கிரம் படணும்னு. எண்ணெய் விளக்கு எரிஞ்ச காலத்தில் ராத்திரியில் அதைப் பார்த்துக்க ஒரு காவலர் ஏறியிருப்பார். மழை, புயல், காய்ச்சல் என்று பார்த்திருக்க முடியாது. அவருக்கு உயரம் பயமா இருந்துச்சா, இல்லையா? கடலில் இருந்தவங்களுக்கு அது தேவைப்படாத தகவல். விளக்கு எரியுதான்னு மட்டும்தான் பார்த்திருப்பாங்க.

இறங்கி வந்தப்போ அந்தத் தம்பி ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மேலே போன நண்பர்களோட பைகள், தண்ணி பாட்டில் எல்லாம் சுத்தி வெச்சுக் காவல் காத்துக்கிட்டு, மணிமாலையை உருட்டிக்கிட்டு. பழனிக்கு எந்த ஊரிலிருந்து நடக்கிறீங்க என்று கேட்டேன். ஊர் சொன்னான். ஆறு நாள் நடை. போன வருஷமும் போனானாம், பாதத்தில் கொப்புளம் காட்டினான், தழும்பா இருந்துச்சு. ஆறு நாள் வெறுங்காலில் நடக்கிறவனுக்கு எட்டு மாடிப் படியில் தலை சுத்துது. அதில் எந்த முரணும் எனக்குத் தெரியலை. பழனியில் ஏறத்தாழ 700 படியும் ஏறி வர்றவங்களையும் வின்ச்சில் வர்ற பாட்டியையும் ஒரே சந்நிதிக்குள்தான் விடுறாங்க. எந்த வழியா வந்தேன்னு உள்ளே யாரும் கேட்கிறதில்லை. "நானும் பயந்துக்கிட்டேதான் தம்பி ஏறினேன்" என்றேன். நம்பாத மாதிரி பார்த்துட்டு, "நிஜமாவாண்ணா?" என்றான். பாப்பா முந்திக்கிட்டு "ஆமா, கை எல்லாம் ஈரம்" என்று சாட்சி சொன்னா. சிரிச்சான்.

அங்கிருந்து சாளுவன்குப்பம் போனோம். மாமல்லபுரம் போற முருக சொந்தங்கள் இதைத் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. சில கிலோமீட்டர் வடக்கே, புலிக்குகைக்குப் பக்கத்தில். 2004 டிசம்பர் சுனாமி மணலை அரிச்சுட்டுப் போனப்போ பாறைக் கல்வெட்டுகள் வெளியே தெரிஞ்சுது. திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலைப் பற்றி அதில் இருந்துச்சு. 2005-இல் தொல்லியல் துறை தோண்டினாங்க. செங்கல்லால் கட்டின, பல்லவர்களுக்கும் முந்தைய முருகன் கோயில் ஒண்ணு கிடைச்சுது. அதுக்கு மேலே பல்லவர்கள் கருங்கல்லில் எடுத்துக் கட்டின கோயிலோட மிச்சம். வடக்குப் பார்த்த வாசல். கூடவே ஒரு கல்வேல். பழைய கோயிலைக் கடல்தான் அழிச்சதுன்னு சொல்றாங்க. மறைச்ச கடலே திரும்ப வந்து காட்டிக் கொடுத்திருக்கு.

இப்போ அங்கே கோபுரம் இல்லை, படி இல்லை, செங்கல் அடித்தளம்தான். மணல் மட்டத்தில் நின்னு கீழே குனிஞ்சு பார்க்கிற மாதிரி முருகன் கோயில் எனக்குத் தெரிஞ்சு வேற இல்லை. அக்காவும் முட்டி வலி இல்லாம வந்து நின்னா. பாப்பா செருப்பைக் கழட்டிட்டு, கன்னத்தில் போட்டுக்கிட்டு, "இங்க ஏற வேணாமா மாமா?" என்று கேட்டா. "வேணாம் கண்ணு" என்றேன். அக்கா கைப்பையிலிருந்து விபூதி எடுத்து மூணு பேருக்கும் பூசிவிட்டா. வெயில் தாழ ஆரம்பிச்சிருந்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்னு கிளம்பிட்டோம்.